பூனைக்குட்டி ஓயாமல் நக்குகிறது, தொடையில் முடி போகிறது. நாய்ப் பவுடர் போடலாமா?

மொட்டைமாடி_மதுரை:
கார் ஷெட்டில் கிடைத்த குட்டி, இரண்டரை மாதம் இருக்கும். தாய் திரும்பி வரவே இல்லை. பூனை என்றால் நக்கும், தெரியும். ஆனால் இவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நக்குகிறாள். அசந்து தூங்கும்போதே துள்ளி எழுந்து வாலடியைக் கடிக்கிறாள். தொடையின் உள்பக்கம் முடி மெலிந்து தோல் தெரிகிறது. ராத்திரியானால் என் காது மடலையும் சப்புகிறாள் (ஏன் காது என்று கேட்காதீர்கள்). "உண்ணிதான், இதைப் போடு" என்று அத்தை தன் வீட்டு நாய்ப் பவுடரைக் கொடுத்திருக்கிறார். என் கண்ணில் ஒரு பூச்சிகூடப் படவில்லை. போடலாமா?

கறுப்புவால்:
வேண்டவே வேண்டாம். நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது விஷம். நடுக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. வேப்பெண்ணெயும் வேண்டாம், தடவியதையெல்லாம் நக்கி விழுங்கிவிடும்.

வாலடி, தொடை என்றால் எனக்குத் தெள்ளுப்பூச்சி மேல்தான் சந்தேகம். பூச்சியையும் நக்கியே விழுங்கிவிடுவதால் கண்ணில் படாது. பேன்சீப்பால் வாலடியில் சீவி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம்.

வேப்பேரிக்காரன்:
காது சப்புவது வேறு கதை. தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிகள் பால் குடிக்கும் நினைப்பில் அப்படிச் செய்யும், பயமில்லை. முடி போன இடம் வட்டமாக, செதிலோடு இருக்கிறதா? படர்தாமரை என்றால் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும். ஈறு நிறத்தையும் பாருங்கள். தெள்ளு அதிகமானால் குட்டிக்கு ரத்தசோகை வரும். ஈறு வெளுத்திருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம், தரை துடைக்க ஃபினாயில் ஊற்றுகிறீர்களா? பாதத்தில் ஒட்டுவதை நக்கும். அதைச் செரித்து வெளியேற்ற பூனையின் ஈரலால் சரிவர முடியாது.

மொட்டைமாடி_மதுரை:
டிஷ்யூ காபிக் கறை மாதிரி ஆகிவிட்டது! ஈறு ரோஸாகத்தான் இருக்கிறது, வட்டம் எதுவும் இல்லை. சாயங்காலம் டாக்டரிடம் போகிறோம். பவுடர் அத்தையிடமே போகட்டும். ஒரு சந்தேகம்: மருந்து போட்டால் அத்தோடு முடிந்ததா?

கறுப்புவால்:
முடியாது. முட்டை உடம்பிலிருந்து உதிர்ந்து பாய், சோபா இடுக்கு எங்கும் கிடக்கும். கூட்டுப்புழு வாரக்கணக்கில் காத்திருந்து பூச்சியாக வெளிவரும். குட்டி படுக்கும் துணியை வெந்நீரில் துவையுங்கள், மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். எடை பார்த்துத்தான் மருந்து தருவார்கள், அதனால் குட்டியையும் கொண்டுபோங்கள். அரிசி மாதிரி ஏதாவது ஆசனவாய்ப் பக்கம் ஒட்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும்.