ரீட்டி ரிட்ஜ்: விழுதா, வலைவரப்பா?

வணக்கம்.

தோல், வாய், நகம் ஆகியவற்றைத் தாக்கும் அழற்சி நோயான லைக்கன் பிளானஸின் திசு மாற்றங்களைத் தமிழில் விவரிக்க முன்மொழியப்பட்ட சொற்களில், மேல்தோலின் அடிப்பக்க மேடான ரீட்டி ரிட்ஜைக் குறிக்கும் ‘விழுது’ என்பதை மட்டும் மாற்ற வேண்டுகிறேன். நோயின் பெயர் 1869இல் எராஸ்மஸ் வில்சன் இட்டது. அதை ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

திசுச் சீவலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, மேல்தோலிலிருந்து உட்தோலுக்குள் இறங்கும் நீட்சிகள் ஆலம்விழுதைப் போலத்தான் தெரிகின்றன. ஆனால் அது குறுக்கே வெட்டிப் பார்ப்பதால் வரும் தோற்றம். மேல்தோலைத் தனியே உரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் தொங்குவது விழுதன்று. ஒன்றோடொன்று கூடிப் பின்னிய மேடுகளின் வலை. லத்தீனில் ‘ரீட்டி’ என்பதற்கே வலை என்றுதான் பொருள். நெல்வயலின் வரப்புகளைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோன்ற அமைப்பு அது. வரப்புகளுக்கு இடையே வயல் இருக்கும் இடத்தில் உட்தோலின் முகிழ்கள் மேலெழுந்து நிற்கின்றன. ஆகவே ‘வலைவரப்பு’ என்பது என் முன்மொழிவு.

இந்தச் சொல் நோயின் போக்கையும் சொல்ல உதவுகிறது. லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் மேல்தோலின் அடியை ஒட்டிப் பட்டையாகத் திரண்டு அடியடுக்குச் செல்களைச் சிதைக்க, வலைவரப்பின் அடி தேய்ந்து கூர்மையாகிறது; இடையிலுள்ள முகிழ்களோ குவிமாடம்போல் அகல்கின்றன. இதையே ‘ரம்பப்பல் வலைவரப்பு’ எனலாம். (‘வாள்பல்’ என்பதும் பொருந்தும், ஆனால் வாள் என்றதும் படிப்பவர் போர்வாளை நினைப்பார்.) வாயில் இந்தக் கூர்மை தோலில் உள்ள அளவு தெளிவாக இருப்பதில்லை. எபித்தீலியம் (வாயின் மேற்படலம்) மெலிந்துவிட்ட இடங்களில் வலைவரப்பே கரைந்து, அடிக்கோடு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. வரப்பு கரையும் என்பது உழவர் வாயில் அன்றாடம் வழங்கும் பேச்சு. விழுது கரைந்தது என்று எழுதினால் ஒட்டாது.

நகத்தில்தான் ‘விழுது’ முற்றிலும் தோற்கிறது. நகப்படுகையில் இந்த மேடுகள் வலையாகப் பின்னாமல், விரல் நீளவாக்கில் இணையாக ஓடுகின்றன. நகத்தின் கீழ்க் கசியும் இரத்தம் மெல்லிய நெடுங்கோடாகத் தெரிவதற்கும் இந்த அமைப்பே காரணம். கரும்புக்கொல்லையில் பாரும் சாலும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நகப்படுகைக்கு மட்டும் ‘நெடும்பார்’ என்று தனிச்சொல் வைக்கலாமா, அல்லது ‘வலைவரப்பு’ என்றே பொதுவாக எழுதலாமா என்பதில் என் மனம் முன்னதன் பக்கம் சாய்கிறது.

இதோடு சேர்த்து, ஹைப்பர்கிரானுலோசிஸுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘மணியடுக்குத் தடிப்பு’ பற்றியும் ஒன்று. மணிபோன்ற துகள்கள் நிறைந்த செல்களின் அடுக்கான மணியடுக்கு தோலில் ஏற்கனவே உண்டு. இந்நோயில் அது ஆப்பு வடிவில் தடிக்கிறது. நகமூலத்திலும் நகப்படுகையிலும் இயல்பாக மணியடுக்கே கிடையாது. அங்கே அது புதிதாகத் தோன்றுவதுதான் நோயின் அடையாளம். இல்லாத ஒன்று தடித்தது என்று எழுத முடியாது என்பதால், இரண்டுக்கும் பொருந்தும் ‘மணியடுக்கு மிகை’ மேல்.

சிவாட் உருண்டைகள் என்ற பெயரை அப்படியே விட்டுவிடலாம். ஹிமடாக்சிலின்–ஈயோசின் சாயத்தில், நீலக் கருக்களின் நெரிசலுக்கு அருகே இளஞ்சிவப்பாக உருண்டு நிற்கும் அவை மடிந்த கெரட்டின் செல்களே. அவற்றைக் ‘கூழ்ம உருண்டை’ என்றால் அவை ஏதோ கூழால் ஆனவை என்ற தவறான எண்ணம் வரும்.

மேலடுக்குச் செல்களில் கரு எஞ்சி நிற்கும் பாராகெரட்டோசிஸுக்கு ‘கருவெஞ்சு கெரட்டினாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். வாயில் இது அடிக்கடி காணப்படுகிறது. தோலில் வழக்கமாக மேலடுக்கில் கரு எஞ்சுவதில்லை. பொருள் சரி, நாவில்தான் தடுக்குகிறது. பல் மருத்துவத் திசுவியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் எளிதாகச் சொல்லக்கூடிய வடிவம் ஒன்றைத் தந்தால் அதையே ஏற்றுக்கொள்கிறேன்.