தூக்கல், மட்டு, திட்டம்: எரிபொருள் கலவைக்கு மூன்று சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குள் போகும் காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருள் கூடினால் ரிச், குறைந்தால் லீன் என்கிறோம். இந்த இரண்டுக்கும் தமிழில் 'செறிகலவை', 'மெலிகலவை' என்று நம் குழுவில் ஐயா பரிந்துரைத்த மடலை இரண்டு முறை படித்தேன். ஏட்டில் பார்க்க அழகான இணை. ஆனால் மதுரையில் டர்போ வண்டிகளுக்கு எரிபொருள் ஊட்டத்தைச் சரிசெய்யும் வேலையிலேயே நாள் முழுக்க இருக்கிறேன். இந்த இரண்டும் பட்டறையில் குழப்பும் என்று படுகிறது.

டர்போவின் வேலையே எஞ்சினுக்குள் போகும் காற்றை அழுத்திச் செறிவாக்குவதுதான். பூஸ்ட், அதாவது அந்தக் காற்றழுத்தம், ஏறும்போது பெட்ரோல் பழைய அளவிலேயே நின்றால் கலவை லீன் ஆகிவிடும். காற்று செறிந்ததால் செறிகலவை மெலிகலவை ஆயிற்று என்று வேலை பழகும் பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

'மெலி'யில் குறை சொல்லும் தொனி இருக்கிறது. டீசல் எஞ்சின் எப்போதும் காற்று மிகுதியோடுதான் ஓடும். டீசலை ஏற்றி வைத்தால்தான் கரும்புகையும் சூடும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் முழு இழுவையின்போது நேர்மாறு. கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) தள்ளிப்போகும்; பெட்ரோல் குறைந்தால்தான் ஆபத்து. ஆக, சொல் அளவை மட்டும் சொன்னால் போதும், நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டாம்.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. வேறோர் இடத்தில் பூஸ்ட்டைக் கூட்டிவிட்டு, பெட்ரோலைத் தொடாமல் விட்டிருந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய பொட்டுகள். பிஸ்டனின் அலுமினியம்! மனசு பதறிவிட்டது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுத்துப் பார்த்தோம். கலவையை அளக்கும் மீட்டரில் 11.8 நின்றது, நிமிடத்துக்கு 5000 சுற்றைத் தாண்டியதும் 13.2-க்கு ஏறியது. உடனே காலை எடுக்கச் சொன்னேன். பின்சீட்டில் மடிக்கணினியோடு இருந்த தம்பி, "அண்ணே, நம்பர் கூடுதே, அப்ப பெட்ரோல் கூடத்தானே வருது?" என்றான்.

மீட்டர் காட்டுவது ஒரு கிலோ பெட்ரோலுக்கு எத்தனை கிலோ காற்று என்பதை. எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "உப்பு மட்டா இருக்குடா, தூக்கலாப் போடணும்." அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பெட்ரோல் பம்ப் ஈடுகொடுக்கவில்லை. பெரிய பம்ப் போட்டதும் 11.8 கடைசிவரை அசையாமல் நின்றது.

ஆகவே என் பரிந்துரை: ரிச்சுக்குத் தூக்கல் கலவை, லீனுக்கு மட்டுக் கலவை, இரண்டுக்கும் நடுவே, கூடாமல் குறையாமல் அளவாக இருப்பதற்குத் திட்டக் கலவை. குழம்பில் உப்பு தூக்கல், உறைப்பு தூக்கல் என்போம். சோறு தூக்கல் என்று யாரும் சொல்வதில்லை. போடுகிற பொருளைத்தான் அந்தச் சொல் குறிக்கும். அதனால் கூடியது காற்றா பெட்ரோலா என்ற கேள்வியே எழாது. புணர்ச்சிப்படி 'தூக்கற்கலவை' என்று எழுத வேண்டாம், பட்டறையில் யார் வாயிலும் நுழையாது.

'திட்டம்' எனக்கு மிகவும் பிடித்தது. பெட்ரோலுக்குத் திட்டம் 14.7, எத்தனாலுக்கு 9, இப்போது பங்க்கில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. எரிபொருளுக்கு எரிபொருள் எண் மாறும், சொல் மாறாது. நம் மீட்டரும் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான், அதாவது காற்று திட்ட அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதை. அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. லாம்டாவைத் 'திட்டவீதம்' என்றால், 1 என்பது திட்டம், 11.8 என்பது 0.8.

திட்டம் என்றால் அரசுத் திட்டம் நினைவுக்கு வரும் என்பீர்கள். 'கலவை' ஒட்டி நிற்கும்போது வராது. 'மட்டு' என்பது தரம் குறைந்த 'மட்டம்' போல ஒலிக்கிறதே என்று கேட்டால், அது நியாயம்தான். ஆனாலும் 'மட்டுப்படுத்து' என்பதில் இழிவு இல்லையே?

பூஸ்ட்டுக்கு 'ஏற்றழுத்தம்' எனக்குச் சம்மதம். நாக்கிங்குக்குத் 'தட்டல்' போதும். "இன்ஜின் தட்டுது" என்று ஏற்கெனவே சொல்கிறோம்.

கொங்கு நண்பர்களும் யாழ்ப்பாணத்து நண்பர்களும் ஒன்று எழுதுங்கள்: உங்கள் வீட்டில் உப்பு குறைந்தால் என்ன சொல்வீர்கள்? அங்கே 'மட்டு' புழக்கத்தில் இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து