ஜனவரியில் கடைசி இடம், ஜூனில் கோப்பை: செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணிக்கு 2018-19 சீசனில் நடந்தது என்ன?

கரிசல்மண் (கோவில்பட்டி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பையன்களுக்கு மாலை வேளையில் ஹாக்கி கற்றுக்கொடுத்து வருகிறேன். நம் வட்டாரத்தில் ஹாக்கிக்கு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022இல் இந்திய அணிக்கு ஆடியதைப் பார்த்த பிறகு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேராகத் திடலுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த ஆண்டு நாங்கள் ஆடும் உள்ளூர் லீக்கில் எட்டு அணிகள் இருக்கின்றன. பாதி ஆட்டங்கள் முடிந்த நிலையில் நாங்கள் எட்டாவது இடத்தில் இருக்கிறோம். தோற்பதுகூடப் பெரிதில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றவர்களைப் போல அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ப்ளூஸ், என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக்கில் 2019 ஜனவரியில் 31 அணிகளில் 31ஆவது இடத்தில் இருந்ததாகவும், அதே சீசனின் முடிவில் அந்த லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றதாகவும் அவன் சொன்னான்.

பையன்களிடம் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் அரைகுறையாகக் கேட்டதைச் சொல்லி அவர்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனமில்லை. கடைசியில் இருந்த அணி முதலிடத்துக்கு வருவதற்கு அங்கே என்ன மாறியது? பயிற்சியாளரா, கோல்கீப்பரா, அல்லது புள்ளி கொடுக்கும் முறையே அப்படியா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாளையங்கோட்டை மகள் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் மருமகன் சொன்னது முழுக்க உண்மை. நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. அந்த சீசனின்போது கணவரின் வேலை நிமித்தம் செயின்ட் லூயிஸில் இருந்தேன். ஐஸ் ஹாக்கியின் அரிச்சுவடிகூடத் தெரியாமல் அங்கே போனவள், அந்த ஒரு சீசனில் இந்த விளையாட்டை நேசிக்கத் தொடங்கிவிட்டேன்.

முதலில் அந்த அணியின் பழைய கதையைத் தெரிந்துகொண்டால்தான் ஊர் ஏன் அப்படி ஏங்கியது என்பது புரியும். ப்ளூஸ் அணி 1967இல் தொடங்கப்பட்டது. முதல் மூன்று சீசன்களிலும், அதாவது 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், இறுதிச் சுற்று வரை போய் மூன்று முறையும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் 4-0 என்று தோற்றது. அதன் பிறகு 2019 வரை இறுதிச் சுற்றையே பார்க்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒரே அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

2018 கோடையில் பஃபலோ அணியிலிருந்து ரயன் ஓரைலியை வாங்கி, வேறு சிலரையும் சேர்த்து, பெரிய எதிர்பார்ப்போடு சீசனைத் தொடங்கினார்கள். ஆனால் அணி ஒன்றுசேர்ந்து ஆடவே இல்லை. நவம்பர் 19ஆம் தேதி பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டு, கிரெய்க் பெரூபே இடைக்காலப் பயிற்சியாளர் ஆனார். அதற்குப் பிறகும் உடனே எதுவும் சரியாகிவிடவில்லை என்பதை உங்கள் பையன்களுக்கு அவசியம் சொல்லுங்கள். டிசம்பரில் ஒரு நாள் பயிற்சியின்போது, சாக் சான்ஃபர்ட், ராபர்ட் போர்ட்டுசோ என்ற ஒரே அணி வீரர்கள் இருவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். சான்ஃபர்டின் தந்தை செப்டம்பரில்தான் இறந்திருந்தார். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது, இந்த ஆண்டும் அவ்வளவுதான் என்று ஊரே முடிவு கட்டியது. ஜனவரி 3ஆம் தேதி காலையில் 37 ஆட்டங்களில் 34 புள்ளிகளோடு அணி கடைசி இடத்தில் இருந்தது.

ஜனவரி 7ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயது கோல்கீப்பரை முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடவிட்டார்கள். கோலை நோக்கி வந்த 25 அடிகளையும் தடுத்தார். 3-0 என்று வென்றார்கள். அவரை 2011ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 88ஆவதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேலாகச் சின்ன லீக்குகளில் காத்துக் கிடந்தவர் அவர். அந்த சீசன் தொடங்கும்போதுகூட வரிசையில் நான்காவது கோல்கீப்பர்தான். பிறகு ஜனவரி 23 முதல் பிப்ரவரி 19 வரை தொடர்ந்து 11 ஆட்டங்களில் அணி வென்றது. அது ப்ளூஸ் வரலாற்றிலேயே நீண்ட வெற்றித் தொடர். சீசன் முடிந்தபோது 99 புள்ளிகள்.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் (தூத்துக்குடி) எழுதியது:

தம்பி, நீங்கள் புள்ளி முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு விளங்காது. அந்த சீசனில் ஒவ்வோர் அணிக்கும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள். வென்றால் இரண்டு புள்ளி. அறுபது நிமிடத்தில் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்திலோ அதன் பின்னர் தனித்தனியாக அடிக்கும் ஷூட்-அவுட்டிலோ தோற்றால், தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. இதனால் பட்டியலின் நடுப்பகுதியில் அணிகள் நெருக்கமாகவே இருக்கும். யாரும் எளிதில் எட்டாத தூரத்துக்குப் போய்விட மாட்டார்கள். அந்த ஆண்டு ப்ளூஸ் இருந்த மேற்குப் பிரிவில் 90 புள்ளி எடுத்த கொலராடோ அணிக்கே, கோப்பைக்காகக் கடைசியில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளில் இடம் கிடைத்துவிட்டது. முதல் 37 ஆட்டங்களில் 34 புள்ளி எடுத்த ப்ளூஸ், மீதி 45 ஆட்டங்களில் 65 புள்ளி எடுத்திருக்கிறது. அதாவது பாதி சீசனுக்கும் மேலாக ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. கடைசி இடம் என்ற சொல் காதில் விழும்போது, இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி என்பதையும் சேர்த்துக் கேட்பதே முறை.

கோல்கீப்பர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளோடு திடலில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நம் ஹாக்கியில் கோல்கீப்பர் எவ்வளவு முக்கியமோ அதைவிடப் பல மடங்கு முக்கியம் ஐஸ் ஹாக்கியில். நம் கோல் கம்பத்தின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. அங்கே அகலம் 6 அடி, உயரம் 4 அடி மட்டுமே. நம் கோல் வாயின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பெரிய கால்காப்புகளோடு ஒருவர் அதை அடைத்துக்கொண்டு நின்றால், அடிப்பவருக்குத் தெரிவது தோளுக்கு மேலே ஒரு கையளவு இடமும் கால்களுக்கு நடுவே ஒரு சந்தும்தான். பந்துக்குப் பதிலாக அவர்கள் ஆடும் பக், மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்துவிடுவார்கள். மற்ற ஐவரும் முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி உள்ளே வருவார்கள். கோல்கீப்பர் மட்டும் முழு அறுபது நிமிடமும் நிற்பார். ஆகவே அந்த ஓர் இடத்தில் சரியான ஆள் அமைந்துவிட்டால் முன்னால் ஆடுகிறவர்களின் பயமே போய்விடும். பின்னிங்டன் அந்த சீசனில் தமது கணக்கில் 24 வெற்றிகள் பெற்றார். ஆட்டத்துக்குச் சராசரியாக 1.89 கோல்தான் விட்டார்.

பொதிகைச் சாரல் (தென்காசி) எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கோல்கீப்பர் வந்தார், எல்லாம் சரியாயிற்று என்று பையன்கள் புரிந்துகொண்டால், வேறு யாரோ வந்து தங்களைத் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரூபே பொறுப்பேற்ற பிறகு, எதிரணியின் எல்லைக்குள் பக்கை முன்னே தள்ளிவிட்டு, அங்கேயே நெருக்கிப் பிடித்து ஆடும் எளிய ஆட்டத்துக்கு அணி மெல்ல மெல்லப் பழகியது. இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து சீசனை மிகவும் திணறித் தொடங்கிய ஜே பௌமீஸ்டர் என்ற மூத்த தற்காப்பு வீரர், குளிர்காலத்தின் நடுவில் பழைய ஆட்டத்தைத் திரும்பப் பெற்றார். ஓரைலி தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஓயாமல் உழைத்து அந்த சீசனில் 28 கோல்கள் அடித்தார். பின்னிங்டன் வந்து சேர்ந்த அணி, ஏற்கெனவே திருந்தத் தொடங்கியிருந்த அணி.

இன்னொன்று. அதே சீசனில் டாம்பா பே அணி 62 ஆட்டங்களில் வென்று 128 புள்ளி எடுத்தது; லீக்கிலேயே முதலிடம். அந்த அணி பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் 4-0 என்று தோற்று வெளியேறியது. பிளே-ஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர். நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். சீசனில் சேர்த்த புள்ளி எதுவும் அங்கே கூட வராது. ப்ளூஸ் அணி வின்னிபெக், டாலஸ், சான் ஹோசே, பாஸ்டன் என்று நான்கு அணிகளைத் தாண்டியது. டாலஸோடு ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. செயின்ட் லூயிஸில் பிறந்து வளர்ந்த பாட் மரூன்தான் வெற்றி கோலை அடித்தார்.

இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் ஜூன் 12ஆம் தேதி பாஸ்டனில் நடந்தது. நமக்கு அது 13ஆம் தேதி விடிகாலை ஐந்தரை மணி. முதல் இருபது நிமிடத்தில் பாஸ்டன் 12 முறை கோலை நோக்கி அடித்தது, ஒன்றும் போகவில்லை. ப்ளூஸ் அடித்தது நான்கே முறை. அதில் இரண்டு கோல். இரண்டாவது கோல், அந்தப் பகுதி முடிய எட்டு வினாடி இருக்கும்போது தலைவர் அலெக்ஸ் பியெட்ராஞ்சலோ அடித்தது. முடிவு 4-1. நான்காவது கோலை அடித்தவர், டிசம்பரில் பயிற்சியில் சண்டை போட்ட அதே சான்ஃபர்ட்.

கரிசல்மண் (கோவில்பட்டி) எழுதியது:

தங்கச்சிக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் தென்காசித் தம்பிக்கும் மிக்க நன்றி. எங்கள் அணியிலும் இரண்டு ஆண்டுகளாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோல்கீப்பர் பையன் இருக்கிறான். அவனுடைய அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார். கால்காப்பின் வார் அறுந்துபோய், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பயிற்சிக்கு வருவான். ஒரு நாளும் தவறியதில்லை. இதையெல்லாம் படித்த பிறகு அவனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனை முழு ஆட்டமும் நிறுத்தப் போகிறேன். கயிறு வேண்டாம், புது வார் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். சென்ற ஆட்டத்தில் எதிரணிப் பையனின் காலில் பட்ட பந்து கோலாகிவிட்டது, நடுவர் கவனிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளால் அதை இன்னும் மறக்க முடியவில்லை. ப்ளூஸ் அணிக்கு அந்த சீசனில் இப்படி ஏதாவது நேர்ந்ததா?

பாளையங்கோட்டை மகள் எழுதியது:

நேர்ந்தது அண்ணாச்சி, அதுவும் அரையிறுதியில். தொடர் 1-1 என்று இருந்தபோது செயின்ட் லூயிஸிலேயே நடந்த மூன்றாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் சான் ஹோசே வீரர் ஒருவர் பக்கைக் கையால் தன் அணி வீரருக்குத் தட்டிவிட்டார். அங்கிருந்து அது எரிக் கார்ல்சனிடம் போய் கோலானது. கையால் தட்டிக்கொடுப்பது விதிப்படி தவறு. ஆனால் நான்கு நடுவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைய விதிப்படி அதைக் காணொளியில் திரும்பிப் பார்த்து ரத்து செய்யவும் வழியில்லை. அடுத்த சீசனில்தான் அந்த விதியை மாற்றினார்கள். 5-4 என்று தோற்று, தொடரில் 2-1 என்று பின்தங்கினார்கள். அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த மூன்று ஆட்டங்களையும் ப்ளூஸ் வென்றது: 2-1, 5-0, 5-1.