வெளிநாட்டு நண்பர்களை எந்த ஊருக்கு அழைத்துப் போகலாம்?

வணக்கம். ஒரகடம் பக்கம் என்னோடு வேலை பார்க்கும் கொரிய, ஜெர்மானிய நண்பர்கள் சிலர் பொங்கல் லீவில் ஊர் சுற்ற யோசனை கேட்கிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி எல்லாம் பார்த்தாயிற்று. சின்ன ஊராக வேண்டுமாம்.

ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒருவருக்குத் தரங்கம்பாடிதான் சொர்க்கம்: 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல், கூட்டமும் குறைவு. இன்னொருவரோ, "பொழுது சாய்ந்தால் அங்கே என்ன செய்வது?" என்கிறார். (இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.) கும்பகோணத்தில் தங்கி தாராசுரம் பார்த்தவருக்குச் சிற்பங்கள் ரொம்பப் பிடித்தன, மதியம் கோயில்கள் நடை சாத்துவதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இன்னும் கோபம். மே மாதக் கொடைக்கானல் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி.

என் மனசு காரைக்குடி பக்கம். செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ், அப்புறம் சாப்பாடு. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸும் இருக்கிறது. தங்குமிடம்தான் சிக்கல். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் சின்ன லாட்ஜ்களில் தயங்குகிறார்கள். அரண்மனை போன்ற ஹோட்டல்களின் வாடகையோ கட்டுப்படியாகாது.

காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ நடுத்தர வாடகையில், இந்தப் பதிவைச் சலிக்காமல் செய்யும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். வெளிநாட்டு நண்பர்களை அழைத்துப் போய் நொந்த ஊர் எது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.