மரத்தில் துளை போடாமல் வில்லைத் தொங்கவிட்ட அனுபவம் உண்டா?

ஏரிக்காற்று (மிச்சிகன்):
அக்டோபர் வில் வேட்டை சீசன், அரசு நிலம், பீச் (beech) மரத்தில் பரண். பட்டையைத் துளைக்கும் ஆணி, திருகாணி எதற்கும் அங்கே இடமில்லை என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். எனவே மரத்தைச் சுற்றி வார் கட்டி, அதில் கொக்கி மாட்டி, வில்லைத் தொங்கவிட்டிருந்தேன். இரவெல்லாம் மழை. பீச் மரப்பட்டையின் வழவழப்பைச் சொல்லவே வேண்டாம். விடிந்தபோது பெண் மான் ஒன்று நேர் கீழே வந்து நின்றது. நான் கையை நீட்டுவதற்குள் வார் தானாக இரண்டு விரற்கடை வழுக்கியது. வில்லின் கீழ்நுனி ஏணிக் கம்பியில் பட்டு ‘டிங்’ என்றது. மான் ஓடவில்லை. தலையைத் தூக்கி, என் பூட்ஸையே பார்த்து, முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டியது. அதன் பிறகுதான் மூக்கால் சீறிவிட்டுப் பாய்ந்தது. அதுவரை என் கண்ணில் படாத வேறு சில வெள்ளை வால்களும் சரிவில் நிமிர்ந்து அதன் பின்னாலேயே போயின. ஓடியதைவிட அந்தத் தட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. பீச்சில் வார் வழுக்காமல் நிற்க என்ன செய்கிறீர்கள்?

மலைச்சரிவு (பென்சில்வேனியா):
எனக்கு ஷாக்பார்க் ஹிக்கரியில் நேர்ந்தது, பட்டை செதில் செதிலாக உரியும் மரம். பையை மாட்டியதும் முழங்கை நீளத்துக்குப் பட்டைச் செதில் ஒன்று பெயர்ந்து, கிளைக்குக் கிளை மோதிக்கொண்டு விழுந்தது. காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அது கிடக்கட்டும், சில விஷயங்களைக் கவனியுங்கள். உங்கள் உடம்பைத் தாங்கும் பாதுகாப்பு வார் வேறு, சாமான் தொங்கும் வார் வேறு. ஒன்றில் இன்னொன்றை மாட்டவே கூடாது. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், கயிற்றில் கட்டி இழுங்கள். துப்பாக்கி என்றால் குண்டை எடுத்துவிட்டு, குழல் தரையைப் பார்த்திருக்க இழுக்க வேண்டும். மெல்லிய கயிறு பாரம் ஏறினால் பட்டையை அறுக்கும். அகலமான நாடாவை வாங்குங்கள். கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே சுற்றினால் வழுக்காது. எங்கள் மாநில வேட்டை நிலங்களில் முதல் மான் சீசனுக்கு 2 வாரம் முன்புதான் பரண் வைக்கலாம், கடைசி சீசன் முடிந்த 2 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வாரையும் அதே கணக்கில் கழற்றுங்கள். கொக்கிக்கு ரப்பர் உறை போடுங்கள், இரும்பில் இரும்பு படாது. வருடம் தவறாமல் வார்களைப் புதிதாக மாற்றுங்கள், அணில் கடித்து வைத்திருக்கும்.

சொந்தக்காடு (விஸ்கான்சின்):
மலைச்சரிவு அண்ணா, அவர் கேட்டது பீச்சைப் பற்றி. அடர்ந்த காட்டில் பீச் கிளை விடும் உயரத்துக்கு யார் ஏறுவது?

அதை விடுங்கள். வார் என்றாலே மரத்துக்கு நல்லது என்று எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாங்கிய நிலத்தில், முன்பு இருந்தவர் விட்டுப்போன ராட்செட் வார் (பல்சக்கரத்தால் இறுக்கும் வார்) ஒரு மேப்பிள் மரத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. மரம் பருக்கப் பருக்க வார் உள்ளே புதைந்து, அதற்கு மேலே பட்டை உதடு போலத் தடித்துப் பிதுங்கியிருந்தது. கத்தியால் அறுத்து இழுத்தேன். வெளியே தெரிந்த நூல் மட்டும் கையோடு வந்தது, மீதி மரத்துக்குள்ளேயே இருக்கிறது. இலை செய்கிற உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் நெரித்தால் வேர் பட்டினிதான். ஒரு திருகாணித் துளையை மரமே மூடிக்கொள்ளும். சொந்த நிலத்தில் நான் திருகாணிக் கட்சி.

விறகடுப்பு (மின்னசோட்டா):
சொந்தக்காடு சார், உங்கள் நிலத்தில் சிவப்பு ஓக் இல்லை போலும். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கில் புதுக்காயம் பட்டால், சாற்றைத் தேடி வரும் வண்டுகள் வாடல் நோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்க்கும். சிவப்பு ஓக் சில வாரங்களிலேயே பட்டுப்போகும். ஒட்டி வளர்ந்த வேர்கள் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும். கோடை விடுமுறையில்தானே ஆளுக்கொரு பரணை மாட்டக் கிளம்புகிறீர்கள்?

வேட்டை என் கணவருக்கு, விறகு அறுப்பது எனக்கு. விழுந்த ஓக் ஒன்றில் ரம்பம் பாதி இறங்கியதும் தீப்பொறி பறந்தது. சங்கிலியில் பல் முழுக்க மழுங்கல். பிளந்து பார்த்தால் நடுவே திருகாணிக் கொக்கி, சுற்றிலும் கட்டை கறுத்திருந்தது. வெளியே வடு கூட இல்லை. மரமே மூடிக்கொள்ளும் என்றீர்களே, நன்றாகத்தான் மூடிக்கொண்டிருந்தது.

தேன்பாறை (நீலகிரி):
1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டைப் பேச்சே இல்லை. ஆனால் புலிக் கணக்கெடுப்புக்குத் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் வாரால்தான் கட்டுகிறோம். புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால் பாதைக்கு இருபுறமும் ஒவ்வொன்று. ஒருமுறை திரும்பிப் போனபோது ஒரு கேமரா தரையில் நசுங்கிக் கிடந்தது. மெமரி கார்டில் இருந்த கடைசிப் படம் முழுக்க ஈரமான தும்பிக்கை நுனி. மரத்துக்குக் கீறல் கூட இல்லை. அதே பாதையில் யாரோ அறிவிப்புப் பலகையை ஆணியால் அறைந்த வேங்கை மரம் ஒன்று உண்டு. ஆணிக்குக் கீழே செந்நிறப் பிசின் வழிந்து உறைந்திருக்கும். திருகாணிக் கட்சிக்காரர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

ஏரிக்காற்று:
கேட்டது ஒன்று, கிடைத்தது நோய், யானை, ரம்பம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாருக்கும் பட்டைக்கும் நடுவே வைத்து, ஈர மரத்தில் என் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. டியூபை எப்படி வெட்டுவது என்று மலைச்சரிவு அண்ணா தயவுசெய்து எழுத வேண்டாம்.