6061 அலுமினியம்: கடினத்தன்மை ஏன் கட்டைக்குக் கட்டை குறைகிறது?

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டையைக் குடையும் சிக்கல் இது. 40 மி.மீ. தடிமனுள்ள நான்கு 6061 (மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியக் கலப்புலோகம்) கட்டைகளை 530 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினேன். பிறகு நான்கையும் ஒன்றாக 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தேன். பிரினெல் கடினத்தன்மை அளவில் 95-ஐ ஒட்டி வரவேண்டும். முதல் கட்டை 92, நான்காவது வெறும் 71!

தொட்டி சிறியது. கடைசிக் கட்டையை இறக்கும்போது தண்ணீரில் ஆவி பறந்தது. உலையிலிருந்து தொட்டிக்குக் கொண்டுபோக அரை நிமிடமும் ஆகிவிட்டது. குளிர்வது தாமதமானதால் 530 டிகிரியில் உலோகத்துக்குள் கரைந்திருந்த மக்னீசியமும் சிலிக்கானும் முன்கூட்டியே மணிகளின் (உலோகத்தின் நுண்படிகங்கள், grains) எல்லைகளில் பெரிய துகள்களாகப் பிரிந்துவிட்டன என்பது என் சந்தேகம். அப்படியானால் பிறகு எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் வலுவூட்டும் நுண்துகள்கள் உருவாகப் போதிய சரக்கு உள்ளே இருக்காது.

ஒளி நுண்ணோக்கியில் நான்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வலுவூட்டும் துகள்கள் நானோமீட்டர் அளவானவை, அதில் எங்கே தெரியப்போகிறது! ஒருவேளை நான் மேற்பரப்பை வேதிக்கரைசலால் சரியாக அரித்துப் பார்க்கவில்லையோ என்னவோ.

மின்கடத்துதிறனை அளந்தால் குற்றவாளி தாமதமா, வெந்நீரா என்று பிரித்தறிய முடியுமா? நான்காவது கட்டையை மறுபடி 530 டிகிரிக்குக் கொண்டுபோனால் மணிகள் பருத்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கட்டைகளை இன்னும் வெட்டவில்லை.