ஒரே விளையாட்டு, பல தலைமுறை கன்சோல்கள்: கிராபிக்ஸை அருகருகே வைத்துப் பார்த்த அனுபவம்

கன்சோல் தலைமுறைகளின் கிராபிக்ஸை ஒப்பிட, ஸ்கிரீன்ஷாட்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதாது என்பது என் அனுபவம். ஒரே விளையாட்டு வெவ்வேறு தலைமுறைகளில் மறுபடியும் வெளிவந்திருக்க வேண்டும். கன்ட்ரோலரைக் கையில் பிடித்து நாமே அதை ஆடிப் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்தந்தக் காலத்து டிவியிலேயே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, பழைய கன்சோல் தன் பற்றாக்குறையை எப்படி மறைத்தது என்பதும், அந்த மறைப்பே நாளடைவில் அந்த விளையாட்டின் முகமாக எப்படி மாறியது என்பதும் தெளிவாகப் புரியும்.

இதற்கு மிகப் பொருத்தமான விளையாட்டு ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் என்று நினைக்கிறேன். ஃபுமிட்டோ உவேடா தலைமையிலான டீம் ஐகோ குழு 2005ஆம் ஆண்டில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) கன்சோலுக்காக அதை உருவாக்கியது. அமெரிக்காவைச் சேர்ந்த புளூபாயிண்ட் நிறுவனம் 2011இல் அதைப் பிஎஸ் 3க்கு ரீமாஸ்டர் செய்தது, அதாவது பழையதையே மெருகேற்றியது. அதே நிறுவனம் 2018இல் உருவங்களையும் நிலக்காட்சிகளையும் புதிதாக வடித்துப் பிஎஸ் 4க்கு ரீமேக்காகக் கொண்டுவந்தது. கதையும், நிலத்தின் அமைப்பும், வீழ்த்த வேண்டிய 16 பேருருவங்களும், அவை நகரும் விதமும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே மூன்றையும் அடுத்தடுத்து ஆடினால் கண்ணில் படும் வேறுபாடு பெரும்பாலும் படத்தின் வேறுபாடுதான்.

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் மூன்று பதிப்புகளும் உண்டு. பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது, மாடியறையில் கிடந்த பழைய படக்குழாய் டிவியில் பிஎஸ் 2வையும், கூடத்தில் இருந்த பெரிய எல்இடி டிவியில் மற்ற இரண்டையும் இணைத்து, முதல் பேருருவத்தின் காலைப் பற்றி ஏறும் காட்சியை ஒவ்வொன்றாக ஆடினோம்.

பிஎஸ் 2வின் முதன்மை நினைவகம் 32 எம்பி. படத்தை வரையும் சில்லுக்குள் இருந்தது 4 எம்பி மட்டுமே. இன்று கைபேசியில் எடுக்கும் பத்துப் பதினைந்து புகைப்படங்களே அந்த 32 எம்பியை நிரப்பிவிடும். அவ்வளவு சிறிய இடத்தை வைத்துக்கொண்டு, குதிரையில் எவ்வளவு தூரம் போனாலும் நடுவில் லோடிங் திரை குறுக்கிடாத ஒரு பரந்த நிலத்தையும், உடலெங்கும் ரோமம் படர்ந்த பேருருவங்களையும் அந்தக் குழுவினர் காட்டினார்கள். ரோமத்தை ஒவ்வொரு முடியாக வரைய அந்த இயந்திரத்துக்குச் சக்தி இல்லை. அதனால் உடலின் மேற்பரப்பை வெங்காயத் தோல்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாக வரைந்து, ஒவ்வோர் அடுக்கிலும் முடியின் குறுக்குவெட்டுக்கு உரிய புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அது ரோமமாகவே தெரியும். கேமராவைப் பக்கவாட்டில் மிக அருகே கொண்டுபோனால்தான் அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணில் படும்.

இருண்ட கோயிலிலிருந்து வெளியே வந்தவுடன் கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் பரவி, பிறகு மெல்லத் தணியும் காட்சியும் அப்படிப்பட்டதுதான். பிற்காலத்துக் கன்சோல்கள் எச்டிஆர் (மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருட்டையும் சேர்த்துக் கையாளும்) ஒளிக்கணக்கு மூலம் செய்ததை, இங்கே படத்தின்மேல் ஒளியைக் கசியவிட்டுப் போலியாகச் செய்திருக்கிறார்கள். தொலைவிலுள்ள மலைகள் அந்த வெண்மையில் கரைந்துவிடுவதால், அவற்றில் விவரமே இல்லை என்பது நமக்குத் தெரிவதில்லை. வெளுத்துப்போன அந்த நிறமும், ஆளரவமற்ற நிலமும் சேர்ந்து உண்டாக்கும் துயரத்தை நான் வேறு விளையாட்டில் உணர்ந்ததில்லை. ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் காட்டப்படுகின்றன என்பதில்தான், இந்தப் பதிப்பு தடுமாறுகிறது. பேருருவம் ஆயுதத்தைத் தரையில் ஓங்கி இறக்கித் தூசி எழும்போது, நொடிக்கு 20 ஃபிரேமுக்கும் கீழே போய்விடும்.

பிஎஸ் 3 பதிப்பு 30 ஃபிரேமில் சீராக ஓடுகிறது; ஆடுவதற்கு அந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. ஆனால் ரெசல்யூஷன் (படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) உயர்ந்தபோதும் உருவங்களும் அவற்றின்மேல் ஒட்டப்படும் டெக்ஸ்சர் படங்களும் பெரும்பாலும் பழையவையே என்பதால், முன்பு மங்கலில் ஒளிந்திருந்த பாறைகளின் மொட்டை விளிம்புகளும், ஒரே புல் படம் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருப்பதும் இப்போது வெளிப்படையாகத் தெரிகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் மகள், "பெரியப்பா, மேல ரூம்ல பார்த்ததுதான் நல்லா இருந்துச்சு, இதுல பாறையெல்லாம் அட்டைல செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத குழந்தையின் கண்ணுக்கும் அது பிடிபட்டது எனக்கு வியப்பாக இருந்தது.

பிஎஸ் 4 பதிப்பைத் தொடங்கியதும் வீடே அமைதியாகிவிட்டது. 8 ஜிபி நினைவகம் என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பேருருவத்தின் கணுக்கால் ஒன்றே போதும். ரோமம் கொத்துக் கொத்தாகப் பிரிந்து அசைகிறது. உடலோடு ஒட்டிய கல் தகடுகளில் பாசி படிந்திருக்கிறது. கல்லின் செதுக்கல் வரிகளுக்குள் நிழல் விழுகிறது. பிஎஸ் 4 புரோவில் ஃபிரேம் ரேட்டுக்கு முன்னுரிமை தரும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 60 ஃபிரேமில் ஆடலாம். இவ்வளவு மரியாதையோடு செய்யப்பட்ட ரீமேக் மிகக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் புல்லும் காடும் பசுமையாகிவிட்டதால் அந்த வெளுப்பு குறைந்திருக்கிறது. நாயகனின் முகம் மாறியது குறித்து ரசிகர்களிடையே எழுந்த மனக்குறையை நானும் பகிர்ந்துகொள்கிறேன்: பழைய பதிப்பில் முகம் தெளிவில்லாமல் இருந்ததால் அவன் வயதையும் மனநிலையையும் நாமே ஊகிக்க வேண்டியிருந்தது, புதிய முகம் அந்த இடத்தை நமக்கு விடவில்லை.

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டின் விஷயத்தில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கணினியில்தான் ஆடியிருப்போம். 2004இல் முதலில் வெளிவந்த பிஎஸ் 2 பதிப்பை நான் பின்னாளில்தான் பார்த்தேன். லாஸ் சாண்டோஸ் நகரின்மேல் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் கவிந்திருக்க, வெயிலில் சாலையின் மேல் காற்று நெளிய, ஓடும்போது படம் சற்றே இழுபட்டுக் கலங்க, அது நான் கணினியில் அறிந்திருந்த நகரமாகவே தோன்றவில்லை. கணினிப் பதிப்பில் ரெசல்யூஷன் கூடுதல், கார்களின் விளிம்புகள் கூர்மை. ஆனால் அந்த வண்ணப் பூச்சின் பெரும்பகுதி அதில் இல்லை. கணினியில் பிஎஸ் 2வின் நிறங்களை மீட்டுத் தருவதற்கென்றே ஸ்கைஜிஎஃப்எக்ஸ் என்ற மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) ஒன்றை ரசிகர்கள் உருவாக்கினார்கள் என்றால், இழப்பு எவ்வளவு உணரப்பட்டது என்பது விளங்கும்.

பிறகு 2021 நவம்பரில் அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் மறுஉருவாக்கம் செய்யப்பட்ட டெஃபினிட்டிவ் எடிஷன் (சான் ஆண்ட்ரியாஸ் உட்பட மூன்று பழைய ஜிடிஏ விளையாட்டுகளின் தொகுப்பு) வந்தது. அதில் நான் முதலில் செய்த வேலை அதிலுள்ள மவுண்ட் சிலியாட் மலையின் உச்சிக்கு ஏறியதுதான். பழைய பதிப்பில் அங்கிருந்து பார்த்தால் சரிவின் கீழே எல்லாம் மூடுபனிக்குள் மறைந்துவிடும். அதற்கப்பால் ஒரு மாநிலமே பரந்து கிடக்கிறது என்று மனம் நம்பும். மூடுபனி விலகிய புதிய பதிப்பில் தொலைதூர நகரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. மூன்று நகரங்களைக் கொண்ட மாபெரும் நிலம் சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடக்கூடிய சிறு தீவாகச் சுருங்கிவிட்டது. தொலைவை வரையச் சக்தி இல்லாததால் வைத்த மூடுபனி, அந்த உலகத்தின் பரப்பளவையே நம் மனத்தில் பெருக்கிக் காட்டியிருக்கிறது. அந்தத் தொகுப்பின் தொழில்நுட்பக் கோளாறுகளுக்காக, அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அதே மாதம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது; 2024 நவம்பரில் வந்த அப்டேட்டில் பழைய பாணி ஒளியமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது. அதைப் போட்டவுடன் வானம் மறுபடி பழைய வானமானது; நான் இப்போது அந்த அமைப்பில்தான் ஆடுகிறேன்.

எல்லா விளையாட்டுகளிலும் இப்படி இழப்பு நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருவர் மோதும் சண்டை விளையாட்டான டெக்கன் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் பிஎஸ் 1க்கு வந்த அந்தப் பதிப்பில் வீரர்களுக்குப் பின்னால் தெரிவது பெரும்பாலும் தட்டையான ஒரு படம். 2 எம்பி முதன்மை நினைவகமும் 1 எம்பி வீடியோ நினைவகமும் கொண்ட கன்சோலில், இருவரின் அசைவையும் 60 ஃபிரேமில் வைத்துக்கொள்ள அந்த விட்டுக்கொடுத்தல் தேவைப்பட்டது. 2000இல் பிஎஸ் 2வில் டெக்கன் டேக் டோர்னமென்ட் வந்தபோது பின்னணி முப்பரிமாணமானது, விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன, அசைவின் வேகத்தில் எதுவும் குறையவில்லை. மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில் பிஎஸ் 2 வந்திறங்கிய பிறகு, அருகிலிருந்த பிஎஸ் 1 டிவியின் முன் யாரும் உட்காரவில்லை. அந்தத் தலைமுறை மாற்றம் முழு லாபம்.

டோம் ரைடர் முதல் மூன்று பாகங்களின் 2024 ரீமாஸ்டரில் ஓர் அருமையான வசதி உண்டு: ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்திப் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். கிராபிக்ஸை ஒப்பிட விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. புதிய படத்தில் குகைச் சுவர்களின் ஈரமும், தீப்பந்தத்தின் வெளிச்சம் விழும் திசையும் இயல்பாக இருக்கின்றன. ஆனால் அந்த இயல்பான இருட்டில் தரையில் கிடக்கும் சாவி எனக்குத் தெரியவில்லை, பழைய படத்துக்கு மாற்றியதும் பளிச்சென்று தெரிந்தது. 1996இல் கட்டம் கட்டமாக அமைத்த அந்த உலகத்தில், எது முக்கியமோ அது கண்ணில் படும்படி வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பழைய படம் பிஎஸ் 1இல் நாம் பார்த்ததற்கு முற்றிலும் ஈடாகாது. பிஎஸ் 1இன் சில்லு டெக்ஸ்சரைப் பரப்பும்போது ஆழத்தைக் கணக்கில் எடுக்காது; முக்கோணங்களின் முனைகளையும் முழு பிக்சல்களுக்கே நகர்த்தும். அதனால் கேமரா நெருங்கும்போது தரைக் கற்கள் வளைந்து நெளியும், சுவர்கள் மெல்ல நடுங்கும். ரீமாஸ்டரில் அந்த நடுக்கம் இல்லை.

பிஎஸ் 4இலிருந்து பிஎஸ் 5க்கு வந்தபோது ஏற்பட்ட மாற்றத்தைக் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டுக்கும் 2020 நவம்பரில் வெளிவந்த ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸைத் தம்பியின் வீட்டில் பிஎஸ் 4இலும் என் வீட்டில் பிஎஸ் 5இலும் ஆடினேன். தாவிப் பறக்கும்போது வேறுபாடு சொல்வது கடினம். ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் சுவரில் ஒட்டி நின்று, கேமராவை மெல்லத் திருப்பினால் புரியும். பிஎஸ் 4இல் கண்ணாடியில் தெரியும் தெரு முன்கூட்டியே எடுத்து ஒட்டிய பொதுவான படம். எதிரே நிற்கும் கார் அதில் இருக்காது. பிஎஸ் 5இல் ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுப் பிரதிபலிப்பை வரையும் முறை) உள்ள அமைப்பில் எதிர்க் கட்டடமும், பனி படர்ந்த சாலையும், சுவரில் ஒட்டியிருக்கும் நாயகனின் உருவமும் கண்ணாடியில் விழுகின்றன. இத்தகைய மாற்றத்தை யூடியூபில் சுருக்கப்பட்ட வீடியோவில் பார்த்துவிட்டு, புதிய தலைமுறையில் எதுவும் இல்லை என்று பலர் தீர்ப்புச் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

டிவியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய கன்சோல்களுக்கு நேரும் அநீதியில் பாதி அங்கேதான் நிகழ்கிறது. பிஎஸ் 1 குறைந்த எண்ணிக்கையிலான நிறங்களைப் புள்ளிப் புள்ளியாகக் கலந்து இடைநிறங்களை உண்டாக்கியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கேபிள் வழியாகப் படக்குழாய் டிவிக்குப் போகும்போது அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகிவிடும். இன்றைய எல்இடி டிவி அதே சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்கும்போது புள்ளிகள் துருத்திக்கொண்டு தெரிகின்றன. மேலும், பிஎஸ் 1 அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல புதிய டிவிகள் ஒற்றை வரியும் இரட்டை வரியுமாகப் பிரித்து அனுப்பப்படும் 480 வரிப் படமென்று எடுத்துக்கொண்டு, இல்லாத பாதியை ஒட்டவைக்க முயல்கின்றன. படம் மங்குவது இதனால்தான். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே கூடுதல் தாமதம் வருவதும் இதனால்தான்.

படக்குழாய் டிவி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிஎஸ் 2வை அதில் இணைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அது இல்லாதவர்கள், புதிய டிவியில் காம்பொனன்ட் உள்ளீடு இருந்தால், பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்பொனன்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஏவி கேபிளில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிவது இதில் இருக்காது. டிவி அமைப்பில் படத்தின் விகிதத்தை 4:3 என்று மாற்றி, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்கி, கூர்மையை அடியோடு குறைத்துவிடுங்கள். அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிட்டால் உருவங்கள் பருத்துப்போகும். அந்தப் படத்தை வைத்துப் பிஎஸ் 2வின் கிராபிக்ஸைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லாதிருப்பது நல்லது.